மயில்கழுத்து நிறத்தில் ஒரு வானம்

எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாதவர் அந்த அக்கா. கண்ணுக்கு நல்லதாக ஏதேனும் பட்டுவிட்டால் உடனே பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்றெல்லாம் பார்க்கமாட்டார். தோளைத் தொட்டு, "இத பாருங்க" என்பார். சிங்களவர் என்றால், "பலன்ன, பலன்ன." காட்டிய பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பார்க்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தில் ஏதாவது அசைந்தால்தான் தான் பார்த்தது பார்த்ததாக அவருக்கு ஆகும்.

கண்டி நகரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் அவர் விற்பனைக்கு நின்றார். சேலையை விரித்துக் காட்டுவதோடு விடமாட்டார். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க வந்தவரையும் கையோடு கூட்டிக்கொண்டு, படியிறங்கித் தெருவாசலுக்கே வந்துவிடுவார். வெயிலில் பார்த்த பிறகு அந்த நிறம் வேண்டாமென்று சிலர் அப்படியே போய்விடுவதும் உண்டு. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "பிள்ளை, உதை உள்ளுக்கை வச்சே விக்கலாம்தானே" என்று கெஞ்சுவாராம். இதை அக்கா அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

ஞாயிறு பூசையின்போது, நிறக்கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் பாதிரியாரின் வழுக்கைத் தலையில் ஊதாவாக விழுந்திருப்பதைப் பக்கத்துப் பெண்ணுக்கு இடித்துக் காட்டி, இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போக வேண்டி வந்த கதையும் உண்டு. கெட்டம்பேயில் பஸ் நெரிசலில் நின்றபோது, மகாவலியில் மாலை வெயில் இறங்கியிருப்பதைக் காட்டுவதற்காக, தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரை எழுப்பிவிட்டாராம். அவர் திட்டவில்லையா என்று கேட்டேன். திட்டினார், ஆனால் பார்த்துவிட்டுத்தான் திட்டினார் என்றார் அக்கா.

அவருடைய கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். கண்டிக்கும் தெல்தெனியவுக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி. பேச்சுக் குறைவு. அக்கா தெல்தெனியவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகும் நாட்களில் அவருடைய பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து போவார். நீர்த்தேக்கம் கண்ணில் படும் வளைவு வந்ததும், "ஏங்க, அந்தத் தண்ணியப் பாருங்க, என்னா பச்சை" என்பார். அண்ணன் திரும்பமாட்டார். ஒருமுறை, "நான் அதப் பாத்தா எல்லாருமா சேந்து அதுக்குள்ளதான் போவோம்" என்று சொல்ல, பஸ் முழுவதும் சிரித்திருக்கிறது. அக்காவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் எனக்கு இதைச் சொன்னபோது அவர் குரலில் சிரிப்பு இல்லை. வீட்டிலும் அப்படித்தானாம். கூப்பிட்டுக் காட்டினால் ஒரு "ம்" வரும். குனிந்த தலை நிமிராது.

"கல்யாணமான நாள்லேருந்து காட்டுறேன் டீச்சர். அவரு ஒரு நாளும் பாத்ததில்ல" என்றார்.

இவர்களுடைய வீட்டில் நான் தங்க நேர்ந்தது என் கண்ணால். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கணித ஆசிரியை. எனக்குப் பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் பார்வை மங்கல். வெளிச்சமும் உருவமும் தெரியும், எழுத்துத் தெரியாது. வலது கண்ணை நம்பித்தான் படித்தேன், படிப்பித்தேன். ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த வலது கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். கண்டியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விழித்திரையை அதனிடத்தில் அழுத்திப் பிடித்திருப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்தார்கள்.

குமிழ் இருக்கும்வரை விமானத்தில் ஏறக் கூடாது என்றார் டொக்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. விமானத்தை நான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், குமிழ் வீங்கும், கண் தாங்காது. விமானம் மட்டுமல்ல, மலைக்கும் போகக் கூடாது. புசல்லாவையும் வேண்டாம். குமிழ் கரையும்வரை கண்டியிலேயே இருக்க வேண்டும், அதிலும் முதல் நாட்களில் இரவும் பகலும் முகம் குப்புறக் கிடக்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, தம்பிக்கு வேலை. என்னோடு படிப்பிக்கும் ஒருவரின் உறவுக்காரர் என்ற வகையில் அக்காவின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. பேராதனைக்குப் போகும் வழியில், ரயில் பாதைக்கு மேலே, சரிவில் இருந்த சிறிய வீடு. சுருட்டிய தலையணை ஒன்றில் நெற்றியை வைத்து நான் குப்புறக் கிடந்தேன். வலது கண்ணில் கட்டு. இடது கண்ணுக்குச் சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் ஒரு கலங்கலாகத் தெரியும். பகலில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சாப்பாடு தந்து போவார். மாலையில் அக்கா கடையிலிருந்து வந்துவிடுவார்.

முதல் நாள் மாலை அவர் ஜன்னலைத் திறந்ததும், "ஐயோ, டீச்சர், இத பாருங்க" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியது எனக்கே தெரிந்தது. பாவம், இப்படி ஒரு மனுஷிக்குப் போய் என்னைப் போல ஒரு விருந்தாளி. இரண்டாம் நாளும் அதேதான் நடந்தது. மூன்றாம் நாள் நானே, என்னவென்று சொல்லுங்கள் அக்கா என்றேன்.

ஹந்தானை மலையில் மேகம் இருக்கிறது என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அழகாக இருக்கிறது என்றார். எப்படி அழகு என்றேன். அவர் தடுமாறிப் போனார். வாழ்நாள் முழுவதும் விரலால் காட்டியே பழகியவர், சொல்லிப் பழக்கமில்லை. பிறகு மெதுவாக, "போன தீபாவளிக்குக் கடைக்கு மயில்கழுத்துக் கலர்ல ஒரு சில்க் வந்துச்சு டீச்சர். இந்தப் பக்கம் சாய்ச்சா பச்சை, அந்தப் பக்கம் சாய்ச்சா நீலம். வானம் இப்ப அப்படி இருக்கு. மேகம் அதுக்கு மேல வெள்ள வொயில் துணிய ஒதறிப் போட்ட மாதிரி" என்றார்.

குப்புறக் கிடந்தபடியே எனக்கு அந்த வானம் தெரிந்தது. அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கீழே போகும் ரயிலுக்கு ஒரு நிறம், எதிர்வீட்டுக் கொடியில் காயும் பாவாடைக்கு ஒரு நிறம். கனகாம்பரம், வாடாமல்லி, கிளிப்பச்சை, அரக்கு என்று புடவைக்கடை முழுவதும் என் தலையணைக்கு அருகே வந்து இறங்கியது.

ஜன்னலுக்கு வெளியே சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோன ஒரு மழை நாளில்தான் அந்தப் படம் வந்தது. கொழும்பிலிருக்கும், மருமகள் முறையான ஒருத்தி எப்போதோ பென் டிரைவில் போட்டுக் கொடுத்த படம். விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றியது. வரைந்து எடுத்தது. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. எந்த நாட்டு மொழியென்றே அக்காவுக்குத் தெரியாது. ஒரு சொல் விளங்காமலே பல தடவை பார்த்திருக்கிறார். அதை எனக்குச் சொல்லப்போவதாக அறிவித்தார்.

கார்ட்டூன்தானே அக்கா, சின்னப் பிள்ளைகள் பார்ப்பது என்று நான் சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"வரஞ்சதுனாலதான் டீச்சர் அது பெருசு. நெசமா எடுக்கிற படத்துல மேகம் தானா வந்து நிக்கும். இதுல ஒவ்வொரு மேகத்தையும் யாரோ ஒரு ஆளு ஒக்காந்து வரஞ்சிருக்காங்க. அந்த மேகம் வேணாம்னு நெனச்சிருந்தா அது அங்க இருந்திருக்காது. இருக்குன்னா, யாரோ நம்மளப் பாக்கச் சொல்றாங்கன்னுதானே அர்த்தம்?"

பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையும் அப்படி யோசித்துப் பார்த்தவள் அல்ல நான்.

முன்னறையில் இருந்த டீவியை என் கதவுக்கு நேராகத் திருப்பி வைத்தார். ஒரு கதிரையை வாசலில் போட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்சம் ஓடவிடுவார், நிறுத்துவார், சொல்வார். மறுபடி ஓடவிடுவார். ஒரு மாலைக்கு ஒரு துண்டு. மிச்சம் நாளைக்கு.

கதை இதுதான். பழைய காலம். கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள். அவற்றுக்குத் தபால் கொண்டுபோகும் ஒரு சிறிய விமானம். அதன் ஒரு சிறகு சிவப்பு, மற்றது மஞ்சள்; ஏனென்றால் உடைந்துபோன ஒன்றின் இடத்தில் வேறு விமானத்தின் சிறகைப் பூட்டியிருக்கிறார்கள். ஓட்டுகிறவள் நெட்டையான ஒரு பெண், நரை விழத் தொடங்கியவள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர் ஒரு குண்டு மனிதர். எல்லா வரைபடமும் அவருக்கு மனப்பாடம், ஆனால் உயரம் என்றால் உயிர் போகும். விமானம் எழும்பினால் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடத்தை வைத்தே வழி சொல்வார். புயலில் தூரத்துத் தீவு ஒன்றின் வெளிச்சவீட்டு விளக்குக் கண்ணாடி நொறுங்கிவிடுகிறது. மீன்பிடிப் படகுகள் பாறைகளுக்கு நடுவே திரும்பி வரும் பருவம் அது. புதுக் கண்ணாடியை வைக்கோலில் பொதிந்து இவர்கள் இருவரும் கொண்டுபோக வேண்டும்.

மொழி விளங்காததால் பேச்சு முழுவதும் அக்காவின் சொந்தக் கற்பனை. அந்த விமானி புசல்லாவை பஸ் கண்டக்டர் மாதிரி அதட்டிப் பேசினாள். குண்டு மனிதர் யாழ்ப்பாணத்தார். கடை முதலாளியின் குரல்தான். "ஓம் தங்கச்சி, வாறன், எங்கை வேணுமெண்டாலும் வாறன், கீழை பாக்கச் சொல்லி மட்டும் கேளாதையும்." தலையணைக்குள் முகம் புதைந்திருக்க, நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்தால் கண்ணுக்கு ஆகாதோ என்று பயந்து நிறுத்தினேன். ஒரு தீவின் பள்ளத்தாக்கில் காற்று விமானத்தை இலையைப் போலச் சுழற்றிய இடத்தில் என் விரல்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அண்ணன் வேலை முடிந்து வந்து, தேநீரும் பேப்பருமாக முன்னறையின் மூலையில் இருப்பார். அக்கா வழக்கப்படி, "ஏங்க, இந்த எடத்தப் பாருங்க" என்பார். வழக்கப்படி ஒரு "ம்" வரும். பேப்பர் புரளும் சத்தம் கேட்கும்.

விமானம் வெளிச்சவீட்டுத் தீவை நெருங்கிக்கொண்டிருந்தபோது எண்ணெய்க் குழாய் வெடித்தது. முன்கண்ணாடியெல்லாம் கறுப்பு எண்ணெய், அவள் அணிந்திருந்த கண்ணாடியிலும் எண்ணெய். மிச்சம் நாளைக்கு என்று அக்கா டீவியை நிறுத்தினார். அன்று அவர் குரல் கரகரத்துக்கொண்டே இருந்தது. பகலெல்லாம் கடையில் பேச்சு, மாலையெல்லாம் எனக்குப் பேச்சு. மறுநாள் காலையில் தொண்டை முற்றாகக் கட்டிவிட்டது. காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை.

அதே நாள் எனக்குக் கிளினிக். கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, மருந்துச் சொட்டை அதிகமாக்க வேண்டும் என்றார்கள். எழுத்து வாசிக்கும் அளவுக்குப் பார்வை வருமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் ஆட்டோவில் குனிந்த தலையோடு திரும்பி வரும்போது, அந்த உண்மை எனக்கு வேறு விதமாகக் கேட்டது. வரமாட்டாது என்பதைத்தான் அவர் பக்குவமாகச் சொல்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். தம்பிக்குப் போன் எடுத்து, வேலையை விடுவதைப் பற்றிப் பாடசாலையில் பேசச் சொன்னேன். இங்கே நான் தங்குவதில் இனி ஒரு அர்த்தமும் இல்லை என்றும் சொன்னேன். தம்பி அழுதான். நான் அழவில்லை. அழுதால் கண்ணுக்கு ஆகாது.

மாலையில் அக்கா வந்தார். நான் போனில் பேசியதைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்க வேண்டும். என் கட்டிலருகே வந்து நின்றார், மூச்சுச் சத்தம் கேட்டது. சொல்வதற்குக் குரல் இல்லை. போய் டீவியைப் போட்டார். பழக்கம். போட்ட பிறகுதான் தன்னால் சொல்ல முடியாது என்பது நினைவு வந்திருக்கும். நிறுத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். இயந்திரம் திக்கித் திணறும் சத்தம். காற்று. புரியாத மொழியில் இரண்டு பேர் கத்துகிறார்கள். நான் தலையணையை இன்னும் அழுத்திக்கொண்டேன். அதை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"டீச்சர், கண்ணாடி பூரா எண்ணெய்."

அண்ணனின் குரல். மூலையிலிருந்து வரவில்லை, வாசல் கதிரையிலிருந்து வந்தது.

"அந்தம்மாவுக்கு ரோட்டு தெரியல. ஆனா கைய விடல. எஞ்சின் சத்தம் கேக்குதா? அது இழுக்குது. இப்ப அமுக்குனா நின்னு போயிரும். அது தெரிஞ்சுதான் விட்டுப் புடிக்கிது. நல்ல டிரைவரு."

பெரிய மூச்சு ஒன்று விட்டுக்கொண்டார். சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் மேடேறும் பஸ் மாதிரி நின்று நின்று சொன்னார்.

"அந்தக் குண்டு மனுசன் எந்திரிக்கிறாரு. சீட்டப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறாரு. கால் நடுங்குது. கண்ணத் தொறந்துட்டாரு டீச்சர். தலைய வெளிய நீட்டிப் பாத்து, அந்தம்மா தோள்ல தட்டுறாரு. வலது பக்கம் தட்டுனா வலது. எடது பக்கம்னா எடது."

அக்கா என் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கை என் முதுகில் இருந்தது.

அண்ணன் நிறங்களைச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, சரிவு எவ்வளவு, திருப்பம் எத்தனை கூர்மை என்பதைச் சொன்னார். இறங்குவதற்கு இருந்த மணல்திட்டு தெல்தெனிய பஸ் நிலையம் அளவுகூட இராது என்றார். இடையில், "பின்னால வைக்கோல் மேல ஒரு பூனை ஒக்காந்திருக்கு. படம் தொடங்குனதுலேருந்தே அது இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அக்கா ஒருநாளும் பூனையைச் சொன்னதில்லை. பாறைகளுக்கு நடுவே தாழ்ந்து, ஒரு தடவை தவறி, மறுபடி மேலே போய், சுற்றி வந்து, கடைசியில் சக்கரம் மணலைத் தொட்டது. அண்ணன் சொல்வதை நிறுத்தினார். இயந்திரம் அணைந்தது எனக்கே கேட்டது.

"கண்ணாடி ஒடயல டீச்சர்," என்றார். பிறகு எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அக்காவுக்குக் கொஞ்சம் குரல் வந்திருந்தது. என் காதருகே குனிந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "பூனைய நான் பாக்கவே இல்லையே டீச்சர்" என்பதுதான். காலையிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் காட்சியிலிருந்தே பூனை இருக்கிறதாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மாலை அவர்கள் இருவரும் பேசியது என் அறைக்கு நன்றாகக் கேட்டது. பார்ப்பதென்றால் ஏன் இத்தனை வருடமாகப் பார்க்காத மாதிரியே இருந்தீர்கள் என்று அக்கா கேட்டார்.

"நீ காட்டிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்ப. மூஞ்சிய என்னா செஞ்சு வச்சுக்கிறதுன்னு எனக்குத் தெரியாது," என்றார் அண்ணன். "நீ அந்தப் பக்கம் போனதும் பாப்பேன்."

நீர்த்தேக்கத்து வளைவையும் தினமும் பார்ப்பதாகச் சொன்னார். மழைக்குப் பிறகுதான் அந்தப் பச்சை நன்றாயிருக்கும், அக்கா எப்போதும் வெயில் காலத்தில்தான் வருகிறார் என்று ஒரு குறையும் சொன்னார்.

அதற்கு அக்கா என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. யாருக்காவது ஒன்றைக் காட்டினால், தானும் அந்தப் பக்கமே திரும்பி நிற்கப் பழகினார். சுலபத்தில் வரவில்லை. பாதியில் கழுத்து தானாகத் திரும்பும், பிடித்து நிறுத்திக்கொள்வார்.

நான் தம்பிக்கு மறுபடி போன் எடுத்து, பாடசாலையில் எதையும் பேச வேண்டாம், கொஞ்சம் பொறு என்றேன். அன்றைக்கு நம்பிக்கை வந்தது என்று சொல்லமாட்டேன். விமானம் இறங்கிய பிறகு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தது. படகுகள் வந்து சேர வேண்டியிருந்தது. அந்த அளவு ஆசை ஒரு நாளை ஓட்டப் போதும். அடுத்த நாளைக்கு அடுத்த துண்டு இருந்தது.

குப்புறக் கிடக்கும் காலம் முடிந்து, கட்டும் அவிழ்ந்து, எழுந்து உட்காரலாம் என்றான பிறகு பார்வை மெல்ல வந்தது. கண்ணுக்குள் வைத்த குமிழ் கரையும்போது மேலிருந்து கீழாகத்தான் உலகம் தெரியத் தொடங்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போத்தலில் தண்ணீர் ஆடுகிற மாதிரி ஒரு கோடு கண்ணுக்குள் ஆடும். அதற்குக் கீழே எல்லாம் கலங்கல், மேலே தெளிவு. ஆகவே எனக்கு முதலில் கிடைத்தது வானம்தான். ஜன்னலின் மேல் மூலையில் கைக்குட்டை அளவு வானம். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக. பிறகு ஹந்தானையின் உச்சி. பிறகு எதிர்வீட்டுக் கூரை. அக்காவை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தபோது நெற்றியும் கண்களும் மட்டும் தெரிந்தன. வாய் தெரியவில்லை. இத்தனை நாள் எனக்கு வாயாக மட்டுமே இருந்தவர் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

குமிழ் ஒரு மாபிள் குண்டு அளவுக்குச் சுருங்கியபோது மூன்று பேருமாக அந்தப் படத்தைப் பார்த்தோம். அக்கா சொன்ன படம் அல்ல அது. படத்திலும் மயில்கழுத்து வானம் என்று அவர் சொல்லியிருந்த இடத்தில் வானம் வெறும் சாம்பல். அந்தப் பெண் அதட்டவே இல்லை. மிக மெதுவாகப் பேசினாள். எண்ணெய் தெறித்த காட்சி, எங்களுக்கு ஒரு மாலை முழுக்க நீண்ட அந்தக் காட்சி, மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு முதலில் ஏமாற்றம்தான். ஆனால் பார்க்கப் பார்க்க அக்கா சொல்லாமல் விட்டவை தெரியத் தொடங்கின. விமானத்தின் நிழல் கடலின் மேல் தனியாக ஓடிக்கொண்டே வருகிறது. அலை ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. மேகத்துக்குள் நுழைந்ததும் படத்தில் சத்தமே இல்லை. சிறகின் சிவப்பு மெல்ல மெல்ல வெளிறுகிறது. குண்டு மனிதர் கண்ணைத் திறந்த பிறகு பயப்படுவதை நிறுத்தவில்லை. பயத்தோடுதான் கடைசிவரை பார்க்கிறார். வெளிச்சவீட்டில் விளக்கு எரிந்து, படகுகள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளிப்படும்போது, அந்தப் பெண் அதைப் பார்க்கவே இல்லை. மணலில் உட்கார்ந்து பாண் துண்டொன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள். அவ்வளவு பசி. ஒருவர் உட்கார்ந்து அந்தப் பசியை வரைந்திருக்கிறார்.

நேர்கோடுகள் என் கண்ணுக்குக் கொஞ்சம் வளைந்து தெரிந்தன; இன்றைக்கும் அப்படித்தான். கரும்பலகையில் கோடு போடும்போது அடிமட்டத்தை நம்புகிறேன், கண்ணை நம்புவதில்லை. எழுத்து வாசிக்க முடிகிறது. பாடசாலைக்குத் திரும்பி வருடங்களாகிவிட்டன. அந்தப் படத்தை எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மொழி விளங்காமலே பார்த்தார்கள். பேச்சை அவர்களே போட்டுக்கொண்டார்கள், அக்காவைவிட நன்றாகவே. அண்ணன் வேலையை விட்ட பிறகு அவர்கள் இருவரும் மருமகளோடு இருக்கக் கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். முதலில் அடிக்கடி பேசிக்கொண்டோம். பிறகு நத்தார் பண்டிகைக்கும் தீபாவளிக்குமாகக் குறைந்தது. அக்காவை நினைத்தால் எனக்கு அந்த வீடும் படமும் வருவதற்கு முன்னால், கடைசி கிளினிக் நாள்தான் வருகிறது.

அன்று என்னோடு துணைக்கு வந்திருந்தார். நீளமான வாங்குகளில் உட்கார்ந்து எல்லோரும் முறைக்காகக் காத்திருந்தோம். அக்காவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர், இரண்டு கண்களிலும் கட்டோடு இருந்தார். கூட வந்தவர் மருந்து எடுக்கப் போயிருந்தார். திடீரென்று முற்றத்தில் ஒரே சிரிப்பும் கூச்சலும். பெரியவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, என்ன, என்ன என்று யாரிடமென்றில்லாமல் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனேன். டொக்டர் வெகுநேரம் பார்த்தார். குமிழ் முற்றாகக் கரைந்துவிட்டது, விழித்திரை ஒட்டிக்கொண்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார். மலைக்கா என்று கேட்டேன். எந்த மலைக்கும் போகலாம், விமானத்திலும் ஏறலாம் என்று சிரித்தார்.

இதைச் சொல்ல நான் கிட்டத்தட்ட ஓடியே வந்தேன். அக்கா இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கழுத்தை எட்டி ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தபடி, தன்னுடைய உடைந்த சிங்களத்தில் பெரியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குரங்கு யாருடையதோ சோற்றுப் பார்சலைப் பறித்துக்கொண்டு அம்புலன்ஸின் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சோறு செந்நெல் நிறம், பருப்பு சாமந்தி நிறம். மிளகாயை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போடுகிறது. கீழே நிற்கும் சாரதியின் தொப்பி மேல்தான் எல்லாம் விழுகிறது.

பெரியவரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. "ஈட பஸ்ஸே?" என்று கேட்டார், அதற்குப் பிறகு என்ன என்று.

நான் அக்காவின் முன்னால் போய் நின்று, வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். குரங்கு இப்போது பப்படத்தை எடுத்திருந்தது.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.